காய்ச்சலை யார் எண்ணுவது?

1995 நவம்பரில் தொடங்கி ஓராண்டு முழுவதும், தில்லி கல்காஜிப் பகுதியில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் தெருக்களில் களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கைக்குழந்தை முதல் நாற்பது வயது வரை 8,172 பேர் அவர்களுடைய பட்டியலில் இருந்தார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்பதுதான் கேள்வி. காய்ச்சல் கண்டவர்களிடம் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். ஆண்டு முடிவில் 63 பேருக்கு டைபாய்டு உறுதியாகியிருந்தது.

அறுபத்து மூன்று பேரை வயதுவாரியாகப் பிரித்தபோதுதான் ஆய்வாளர்களே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. 19 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் டைபாய்டு வந்திருந்தது. ஐந்து முதல் 19 வயது வரை ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில் இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரத்துக்கு 27 பேர். மருத்துவப் பாடநூல்கள் அதுவரை டைபாய்டைப் பள்ளிப் பிள்ளைகளின் நோய், இளைஞர்களின் நோய் என்றே சொல்லிவந்தன. சின்னக் குழந்தைகளுக்கு அது அரிதாகவே வரும், வந்தாலும் லேசாகப் போய்விடும் என்பது ஆசிரியர்கள் வழிவழியாகக் கற்பித்த பாடம். 1999இல் ‘லான்செட்’ இதழில் தில்லி முடிவுகள் வெளியானபோது அந்தப் பாடம் ஆட்டம் கண்டது.

மருத்துவமனைகள் ஏன் அதைக் காணவில்லை? இரண்டு வயதுக் குழந்தைக்கு வரும் டைபாய்டு, புத்தகத்தில் இருப்பதுபோல் படிப்படியாக ஏறும் காய்ச்சலாக இருக்க வேண்டியதில்லை. சளிக்காய்ச்சல் போலத் தொடங்கலாம், வயிற்றுப்போக்கு போலத் தெரியலாம். அவ்வளவு சின்னக் கையில் ரத்தக்குழாயைத் தேடி ஊசி குத்த மருத்துவர் தயங்குகிறார், தாய் அதைவிடத் தயங்குகிறார். ரத்தம் எடுக்காத இடத்தில் கிருமியும் கிடைக்காது. கிருமி கிடைக்காததால் சின்னக் குழந்தைகளுக்கு டைபாய்டு வருவதில்லை என்ற நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. நம்பிக்கை உறுதிப்பட்டதால் ரத்தம் எடுப்பது மேலும் குறைந்தது. வீட்டுவாசலுக்குப் போய்க் கேட்டவர்கள்தான் இந்தச் சுழலை அறுத்தார்கள்.

அந்த அறுபத்து மூன்று பேரால் தடுப்பூசியின் போக்கும் மாறியது. அப்போது புழக்கத்தில் இருந்த சர்க்கரைக்கூறுத் தடுப்பூசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வேலை செய்யாது. நோய் அந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்றால், கைக்குழந்தைக்கும் பலிக்கும் புதுவகை ஊசி தேவை. புரதத்தோடு இணைத்துச் செய்யும் இணைவுத் தடுப்பூசிக்கான வாதத்தில் கல்காஜி எண்கள் கனமான சான்றாக நின்றன. நகரத்தில் ஒரு நோய் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான பதில், நாம் எந்த இடத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. இந்திய நகரங்களில் நாம் நெடுங்காலம் தவறான இடத்தில் நின்று எண்ணினோம் என்பதற்கு டைபாய்டைவிட நல்ல சாட்சி இல்லை.

எண்ணிக்கை எப்படித் தேய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். ஒரு வார்டில் நூறு குழந்தைகளுக்கு உண்மையிலேயே டைபாய்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு நாள் வீட்டு வைத்தியம். அடுத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை. பலருக்கு அங்கேயே காய்ச்சல் தணிந்துவிடும். ஐம்பது பேர் தெருமுனை கிளினிக்குக்குப் போகிறார்கள். அவர்களில் முப்பது பேர் மட்டும் பரிசோதனைக் கூடம் உள்ள மருத்துவமனையை எட்டுகிறார்கள். அங்கே இருபது பேருக்கு பிளட் கல்ச்சர் எழுதப்படுகிறது. அந்தப் பரிசோதனை உண்மை நோயாளிகளில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினரையே கண்டுபிடிக்கும். ஆக, பதிவேட்டில் ஏறுவது பன்னிரண்டு பேர். இதில் யார்மீதும் பழி சொல்ல முடியாது. மாத்திரை வாங்கிய தாய் தன் கூலியைக் கணக்குப் பார்த்தாள், கிளினிக் மருத்துவர் தன்னிடம் இருந்ததை வைத்துச் சமாளித்தார், பரிசோதனைக் கூடம் தன்னிடம் வந்த குப்பியைச் சரியாகத்தான் பார்த்தது. ஆனாலும் எண்பத்தெட்டுக் குழந்தைகள் அரசின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள்.

பிளட் கல்ச்சர் ஏன் இவ்வளவு தவறவிடுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் கிருமிகள் கூட்டமாக நீந்துவதில்லை. ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம், பல நேரம் அதுவும் இருக்காது. அதனால் எடுக்கும் ரத்தம் கூடக் கூடக் கிருமி சிக்கும் வாய்ப்பும் கூடும். குழந்தையிடமிருந்து மூன்று முதல் ஐந்து மில்லி எடுத்து, கிருமிக்கு உணவாகும் திரவம் நிறைந்த குப்பிக்குள் செலுத்துகிறார்கள். குப்பி கருவிக்குள் போகிறது. உள்ளே ஏதாவது வளரத் தொடங்கினால் வெளிவிடும் கரியமில வாயுவை உணர்ந்து கருவி சமிக்ஞை தரும். வளர்ந்தது எந்தக் கிருமி என்று அதன் பிறகுதான் பார்ப்பார்கள். எல்லாம் முடிய நாட்கள் ஆகும். ஐந்து மில்லி என்பது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஊசிக்குழாயில் சிவப்பாக ஏறும்போது அது தாயின் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை. குழந்தை முன்தினமே மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக்கின் இரண்டு வேளையை விழுங்கியிருந்தால், ரத்தத்தில் இருக்கும் ஒன்றிரண்டு கிருமியும் வளராமல் போகலாம். அந்தக் குழந்தைக்கு டைபாய்டு இல்லை என்று அறிக்கை வரும்.

நம் ஊரில் டைபாய்டு என்று பெயர் சூட்டுவது பெரும்பாலும் இந்தக் குப்பி அல்ல, வைடல் டெஸ்ட்தான். 1896இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் வைடல் கொண்டுவந்த முறை இது. மலிவு, சில மணி நேரத்தில் முடிவு, எந்தச் சின்னக் கூடத்திலும் செய்யலாம். உடலில் உள்ள எதிர்ப்பொருளைத்தான் அது பார்க்கிறது, கிருமியை அல்ல. எப்போதோ வந்துபோன டைபாய்டு, டைபாய்டுக் கிருமியின் இனமான வேறொரு சால்மொனெல்லா, இன்னும் சில காய்ச்சல்கள் என்று பலவும் அதை ‘பாசிட்டிவ்’ ஆக்கிவிடும். டைபாய்டு நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரில் நோயில்லாதவர்களின் ரத்தத்தில்கூட அந்த எதிர்ப்பொருள் இருக்கும். ஒரே ஒரு முறை செய்த வைடலை வைத்து நோயை உறுதிசெய்யக் கூடாது என்று வல்லுநர்கள் எத்தனையோ முறை சொல்லியும் பழக்கம் மாறவில்லை. இதனால் ஒரே நோயை நாம் இரண்டு எதிரெதிர் தவறுகளோடு எண்ணிக்கொண்டிருக்கிறோம். கல்ச்சர் குறைத்துக் காட்டுகிறது, வைடல் கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே பதிவேட்டில் கலந்து ஒரு மாவட்டத்தின் ‘டைபாய்டு எண்ணிக்கை’ ஆகும்போது, அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதுவரை சொன்னது வகுபடும் எண்ணின் சிக்கல். வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் என்று சொல்ல, அந்த லட்சம் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியக் குடிசைப் பகுதிகளில் ஆறரைக் கோடிப் பேர் வாழ்வதாகச் சொன்னது. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நகரங்கள் உருமாறிவிட்டன. ஆற்றோரக் குடிசைகள் அகற்றப்பட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போயின. கட்டட வேலைக்காகப் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். வேலை முடிந்ததும் கொட்டகை மறைந்துவிடுகிறது. அரசு அறிவிக்காத குடியிருப்பு வரைபடத்தில் இருக்காது, வரைபடத்தில் இல்லாத வீட்டின் குழந்தை மாதிரிக்கணக்கெடுப்பிலும் வராது. மிகுந்த ஆபத்தில் இருப்பவர்களே கணக்கிலிருந்து முதலில் நழுவுகிறார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

நோய்ப் பரவலை அளப்பதிலேயே இரண்டு வழிகள் உண்டு. நீரிழிவு போன்ற நீண்டகால நோயென்றால், குறிப்பிட்ட ஒரு நாளில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு முறை போய் ரத்தச் சர்க்கரை பார்த்தால் போதும். டைபாய்டு இரண்டு, மூன்று வாரத்தில் வந்து போய்விடும். குறிப்பிட்ட நாளில் போய்த் தட்டினால் ஆயிரம் வீட்டிலும் யாரும் அகப்படாமல் இருக்கலாம். அதனால் ஓராண்டில் எத்தனை பேருக்குப் புதிதாக வருகிறது என்று எண்ண வேண்டும், அதற்கு ஆண்டு முழுவதும் வாசலில் இருக்க வேண்டும். ஒரு குழந்தையை ஓராண்டு கவனித்தால் அது ஒரு குழந்தை-ஆண்டு, ஆறே மாதத்தில் குடும்பம் ஊர் மாறிவிட்டால் அரைக் குழந்தை-ஆண்டு. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகர ஏழைகளை இந்த முறையில்தான் நியாயமாக எண்ண முடியும். இது செலவு பிடிக்கும் வேலை. அதனால்தான் அரிதாகவே நடக்கிறது.

கல்காஜிக்குப் பிறகு கொல்கத்தாவில் நடந்தது. 2000களின் முதல் பாதியில் ஆசியாவின் ஐந்து நாடுகளில் ஒரே முறையில் எண்ணியபோது, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 493 பேர் என்று கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் தெரியவந்தது. வியட்நாமின் ஹுவே நகரில் அதே வயதில் 24 பேர்தான். பிறகு சுமார் பத்து ஆண்டுகள் இந்தியாவில் யாரும் வீட்டுவாசலில் நின்று எண்ணவில்லை. பெரிய மருத்துவமனைகளில் டைபாய்டுக் கிருமி கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. ஆன்டிபயாடிக் எங்கும் தாராளமாகக் கிடைத்த காலம் அது. நோய் உண்மையிலேயே குறைகிறதா, மருத்துவமனைக்கு வருமுன் மறைக்கப்படுகிறதா என்று பிரித்தறிய வழியில்லை. டைபாய்டு பழங்கதை ஆகிவிட்டது, தடுப்பூசிக்கு அவசரமில்லை என்ற பேச்சும் எழுந்தது.

அந்தப் பேச்சுக்கு விடை தேடித்தான் 2017இல் இந்தியக் குடற்காய்ச்சல் கண்காணிப்பு ஆய்வு தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதை முன்னின்று நடத்தியது. தில்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய மூன்று நகரங்களும் புணே அருகிலுள்ள கிராமப் பகுதியும் களங்கள். ஆறு மாதம் முதல் பதினான்கு வயது வரை 24,062 குழந்தைகள். வேலூருக்கு இது புதிய வேலை இல்லை. சின்னல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா போன்ற பகுதிகளில், பீடி சுற்றும் குடும்பங்களுக்கு நடுவே, 2002 முதலே பிறந்த குழந்தைகளை மூன்றாண்டு விடாமல் பின்தொடர்ந்து வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸை எண்ணியவர்கள் அங்கே இருந்தார்கள். குழந்தைகள் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு முறை தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்பதை அந்த ஆய்வுதான் காட்டியது. 2016இல் ரோட்டா தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது.

டைபாய்டு ஆய்வுக்காக வாரந்தோறும் வீட்டுவாசலில் நடக்கும் காய்ச்சல் விசாரணை கேட்பதற்கு எளிதுபோல் இருக்கும். “பையனுக்கு இந்த வாரம் காய்ச்சல் ஏதும் இருந்துச்சாக்கா?” “ராத்திரி லேசா கொதிச்சுது. சிரப் குடுத்தேன், காலையில விளையாடப் போயிட்டான்.” “தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?” “கைய வெச்சுப் பாத்தேன்மா.” இந்த நாலு வரியில் ஒரு நாள் காய்ச்சல் உண்டா இல்லையா என்பதைக் களப்பணியாளர் முடிவுசெய்து குறிக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்தால்தான் ரத்தம் எடுப்பார்கள் என்பதால் அந்த ஒரு நாள் முக்கியம். காலையில் போனால் தாய் வேலைக்குப் போயிருப்பார், பாட்டிக்கு நாள் கணக்கு நினைவிருக்காது. இதே வீட்டுக்கு நூறாவது முறை போகும்போதும் முதல் முறை கேட்டதுபோலக் கேட்க வேண்டும். ரத்தம் கொடுக்க மறுத்தால் மறுநாள் போய், டீ வாங்கிக் குடித்து, மறுபடி பேச வேண்டும். ஆய்விதழ்களில் அட்டவணையாக வரும் எண்கள் அனைத்தும் இந்தப் பெண்களின் கால்வலியிலிருந்து வந்தவை. கட்டுரைகளின் நன்றியுரையில் ஒரு வரிக்கு மேல் அவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

2020 தொடக்கம் வரை எண்ணினார்கள். 46,959 குழந்தை-ஆண்டுகளில் 299 உறுதியான டைபாய்டுகள். மூன்று நகரக் களங்களிலும் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரை. லட்சத்துக்கு 100ஐத் தாண்டினாலே மிகை என்று உலக அளவில் வகைப்படுத்துகிறார்கள். நம் நகரங்கள் அதுபோல் ஐந்து மடங்குக்கும் மேலே நின்றன, ஒரு களத்தில் பதினோரு மடங்கைத் தாண்டியது. புணேயின் கிராமப் பகுதியில் 35. ஒரே நாட்டில், ஒரே ஆய்வில், ஒரே கருவியில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு. டைபாய்டு இங்கே நகரத்தின் நோய், அதிலும் நெருக்கடியான தெருக்களின் நோய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மேலும் இவை கல்ச்சரில் சிக்கியவை மட்டும். பரிசோதனை தவறவிடும் பங்கைச் சேர்த்தால் 299 என்பது ஐந்நூறை நெருங்கும். நாடு முழுவதற்குமான மதிப்பீடுகள் ஆண்டுக்கு 45 லட்சத்தையொட்டிய நோயாளிகளைச் சொல்கின்றன.

எண்ணிக்கைக்கு இணையாகத் தடுப்பூசிக்கு என்ன நடந்தது என்பதும் அளவீட்டின் கதையில் சேரும். இணைவுத் தடுப்பூசியை ஹைதராபாத் நிறுவனமான பாரத் பயோடெக் செய்து 2013இல் இந்தியாவில் உரிமம் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் அதற்கு முதலில் கிடைத்தது. 2018இல் நவி மும்பை மாநகராட்சி தன் எல்லைக்குள் ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையான குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. ஒரு மாநகராட்சி தானே முன்வந்து செய்த அந்த முயற்சியை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால், நாட்டளவில் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் அதை முதலில் சேர்த்தது 2019இல் பாகிஸ்தான். அங்கே சிந்து மாகாணத்தில் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கும் மசியாத டைபாய்டு பரவியதால் வந்த அவசரம் அது. இந்தியாவில் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்தது. காசு கொடுக்க முடிந்தவர்கள் தங்கள் குழந்தைகளுக்குத் தனியார் மருத்துவமனையில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். எண்ணுவதற்கு ரத்தம் கொடுத்தவர்கள் சின்னல்லாபுரம் போன்ற தெருக்களின் குழந்தைகள். அவர்களுக்கு முன்னால் மற்றவர்களுக்குப் பலன் கிடைப்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தடுப்பூசி மட்டும் போதுமா என்ற வாதமும் நடக்கிறது. தண்ணீரைச் சரிசெய்யாமல் ஊசி போடுவது தப்பிக்கும் வழி என்று சிலர் சொல்கிறார்கள். தண்ணீர்க் குழாய் வரும்வரை பொறு என்று இன்றைய குழந்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொல்கத்தாவில் பழைய வகை ஊசியே போட்டவர்களிடம் டைபாய்டை 61 விழுக்காடு குறைத்தது, அதே தெருவில் ஊசி போடாதவர்களிடமும் 44 விழுக்காடு குறைந்தது. எனினும் தண்ணீரை மறந்துவிடவும் முடியாது. நம் நகரங்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. திறக்காத நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கும்போது, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. சிலி நாட்டின் சாண்டியாகோவில் வீடுகளுக்கு நல்ல குழாய்த் தண்ணீர் வந்தபிறகும் டைபாய்டு குறையவில்லை. 1991இல் காலராவுக்குப் பயந்து, சாக்கடை நீரில் காய்கறி பயிரிடுவதைச் சிலி அரசு தடைசெய்ததும்தான் மளமளவென்று இறங்கியது. கிருமி எந்த வழியாக வருகிறது என்பதையும் எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

எண்ணுவதற்கு மலிவான வழிகளும் உருவாகிவருகின்றன. சாக்கடை நீரில் டைபாய்டுக் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் முறையை வேலூரில் சோதித்தார்கள். ரத்தக் கல்ச்சருக்கு வராதவர்களும் கழிவறைக்குப் போகத்தான் வேண்டும் என்பதால், ரத்தப் பரிசோதனை தவறவிடும் பலரும் இதில் கணக்கில் வருவார்கள். விரல்நுனி ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்களைப் பார்த்து ஒரு சமூகத்தில் அண்மையில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று மதிப்பிடும் முறையும் உள்ளது. இவை எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று சொல்லும். எந்தக் குழந்தை, எந்த மருந்துக்கு மசியாத கிருமி என்று சொல்வதற்குக் குப்பி இன்னும் வேண்டும்.

டைபாய்டு மட்டும் இப்படி இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் மருத்துவ உதவியையே நாடவில்லை என்று தெரிந்தது. எதிர்காலத்தில் எந்தத் தடுக்கக்கூடிய நோயை எண்ணினாலும் இதே இடைவெளி வரும். அதை எப்போதாவது வரும் ஆய்வுத் திட்டங்களிடமே விட்டுவைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுகளுக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். ஒரு மாநகராட்சி மண்டலத்தில் சில தெருக்களைத் தேர்ந்து, அதே வருகையில் காய்ச்சல் கேள்வியையும் சேர்த்து, மூன்று நாள் தாண்டிய குழந்தைகளை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக்குக்கு முன் கல்ச்சர் குப்பியில் ரத்தம் எடுத்து, அரசு மருத்துவக் கல்லூரிக் கூடத்தில் பார்க்கலாம். தெருக்களைத் தேர்வுசெய்யும்போது அரசு அறிவிக்காத குடியிருப்பு ஒன்றாவது பட்டியலில் இருக்க வேண்டும். தன்னார்வலருக்குத் தரும் ஊக்கத்தொகையும் இந்தக் கூடுதல் வேலைக்கேற்ப உயர வேண்டும். முடிவுகளை மண்டல வாரியாக, மாதந்தோறும், குடிநீர் வாரியத்துக்கும் தெரியும்படி வெளியிட்டால், எந்தத் தெருவின் குழாயை முதலில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது பொறியாளருக்கும் புரியும்.